திருப்பதியிலிருந்து திருத்தணிக்கு ஒன்பது மணி மொட்டைக்குப் போன கதை

முருகன் சாட்சியாக, அவர் மலையின் முந்நூற்று அறுபத்தைந்து படிகள் சாட்சியாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே எழுதப்போவதை நீங்கள் நம்பப் போவதில்லை. என் மனைவி நம்பவில்லை. காரை ஓட்டிக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த ரத்தினம் பாவாவும் நம்பவில்லை. நம்பாமல் படியுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா, புத்தூர், நகரி வழியாகத் திருத்தணிக்குக் காரில் போகலாமா, வழி பார்க்க நன்றாயிருக்குமா என்று இந்தப் பக்கத்தில் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அறுபத்தேழு கிலோமீட்டர். அழகான வழி. நான் போனபோது ஐந்து மணி நேரம் ஐந்து நிமிஷம் ஆனது. ஏன் என்பதுதான் கதை.

வருஷம் 1977. தை மாதம். அப்போது நான் திருப்பதியில் நூல் வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஒரே தங்கை சரசுவை அம்மையார்குப்பத்தில், விசைத்தறி வைத்திருக்கும் வீட்டில் கொடுத்திருந்தோம். அவள் என்னோடு பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. தப்பு என்னுடையது. அவள் வளைகாப்புக்கு நான் போகவில்லை. ரேணிகுண்டா ரோட்டில் யானைக்கூட்டம் ஒன்று குடும்பத்தோடு படுத்துத் தூங்கியது, எழுப்ப மனசு வரவில்லை என்று சொல்லி அனுப்பினேன். நல்ல காரணம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அதே நாள் மேட்னி ஷோ இடைவேளையில், ஒரு கையில் கோலி சோடாவும் இன்னொரு கையில் முறுக்குமாக நான் நின்றதை என் பெரியப்பா மகன் தேவராஜ் பார்த்துவிட்டான். பார்த்தவன் சும்மா இருப்பானா? அம்மையார்குப்பத்தில் எத்தனை தறி உண்டோ அத்தனை தறிக்கும் போய்ச் சொல்லிவிட்டான்.

குழந்தை பிறந்தது. பெண் என்று தகவல் மட்டும் வந்தது. பார்க்க வா என்று ஒரு வார்த்தை இல்லை. பதினோரு மாதம் கழித்து ஓர் இன்லண்டு லெட்டர் வந்தது. மூன்று பக்கம் எழுத இடமுள்ள காகிதத்தில் ஐந்து வரி எழுதியிருந்தாள்.

"வியாழக்கிழமை பாப்பாவுக்கு மொட்டை, காதுகுத்து. திருத்தணி குளக்கரை. காலை ஒன்பது மணிக்குத் தவறாமல் வரவும். பத்தரைக்குள் வராவிட்டால் தேவராஜ் மடியில் உட்கார வைத்துவிடுவேன். காரணம் எதையும் எடுத்துக்கொண்டு வர வேண்டாம்."

படித்து முடித்துவிட்டு மறுபடியும் படித்தேன். முதல் மொட்டையும் காதுகுத்தும் தாய்மாமன் மடியில்தான் நடக்க வேண்டும். அந்த மடி வேறொருவனுடையது ஆகிவிட்டால், அப்புறம் எந்த முகத்தோடு அந்த வீட்டு வாசலை மிதிப்பது? அதுவும் தேவராஜ் மடி! அந்தப் பயல் உட்கார்ந்தால் மடியில் ஒரு பூசணிக்காய் நிற்காது.

காது குத்த ஒரு ஜோடி தங்கத் தோடு வாங்கினேன். கவுன் வாங்கப் போனால் கடைக்காரர், "பாப்பா எவ்ளோ உயரம்?" என்றார். எனக்கு எப்படித் தெரியும்? பார்த்திருந்தால் அல்லவா தெரியும். ஆறு மாதத்துக்கு ஒன்று, இரண்டு வயதுக்கு ஒன்று என்று இரண்டு கவுன் வாங்கிக்கொண்டேன். இரண்டும் ரோஸ் கலர், கழுத்தைச் சுற்றிச் சுருக்கு வைத்தது. இந்த இரண்டு கவுனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வண்டி. ரத்தினம் பாவா எங்களுக்குத் தூரத்து உறவு. உறவு முறை சொல்ல ஆரம்பித்தால் புத்தூர் வந்துவிடும். அவரிடம் ஒரு கறுப்பு பிளஷர் கார் இருந்தது. வெள்ளைக்காரன் ஊரைவிட்டுப் போகும்போது இதை மட்டும் எடுத்துப்போக வேண்டாம் என்று விட்டுப்போனான். நான்கு கதவில் மூன்று திறக்காது, ஒன்று மூடாது. மூடாத கதவுப் பக்கம் என்னை உட்கார வைத்தார். பெட்ரோல் லிட்டர் மூன்றரை ரூபாய்ச் சொச்சம். பத்து லிட்டர் போட்டோம்.

காலை 5.45-க்குக் கிளம்பினோம். ரேணிகுண்டா பத்து கிலோமீட்டர், 6.10. அதைத் தாண்டியதும் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் புளியமரங்கள். மேலே கிளைகள் கைகோத்து நிற்க, கீழே பனி தேங்கி, காருக்கு முன்னால் ஒரு சுரங்கம் போலிருந்தது. இந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள். நாங்கள் பார்க்கவில்லை. நிறுத்தினால் மறுபடி கிளம்பும் என்று பாவா உறுதி தரவில்லை.

ஆனால் வண்டி தானாகவே நின்றது. புத்தூருக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால், மணி 6.50. முன்பக்கம் ஏதோ பட்டென்று அறுந்தது. அப்புறம் புகை. அந்தப் புகையைப் பார்த்துக் காளஹஸ்தியில் மழை வருகிறதென்று காயப்போட்ட துணியை எடுத்தார்களாம்.

பாவா மூடியைத் தூக்கி, குனிந்து, நிமிர்ந்து, பீடி பற்றவைத்தார்.

"ஃபேன் பெல்ட்டு பூட்ச்சு நைனா."

"வேற பெல்ட் இருக்கா பாவா?"

"இதான் வேற பெல்ட்டு."

"புத்தூர்ல கிடைக்குமா?"

"கடை பத்து மணிக்குத் தொறப்பான். மூணு கிலோமீட்டர் நட. தொறக்கற வரைக்கும் கடை வாசல்ல உக்காந்துகினு இரு."

பத்து மணிக்குக் கடை திறந்தால் தேவராஜ் மடியில் என் மருமகள் என்று பொருள். எனக்கு வந்த ஆத்திரத்தில் டிக்கியைத் திறந்து ஓங்கி மூடினேன். மூடும்போதுதான் உள்ளே பார்த்தேன். சரசுவின் வீட்டுக்காரர், எங்கள் மாப்பிள்ளை, அவர் தறிக்குக் கொடுக்கலாமென்று எடுத்து வைத்திருந்த பாவு நூல், தறியில் நீளவாக்கில் ஓடுவது. கஞ்சி போட்டு முறுக்கேறியது. நூல்காரன் நான், நூல் எவ்வளவு தாங்கும் என்று எனக்குத் தெரியாதா? ஒரு முனையைப் புளியமரத்தில் கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பாவா பின்னோக்கி நடக்க, நாங்கள் இருவரும் அறுபத்துநாலு இழையைச் சேர்த்து முறுக்கினோம். கயிறு தயாராவதற்குள் ஏழெட்டு ஆட்டுக்காரர்கள் கூடிவிட்டார்கள்.

"இன்னா நெய்றீங்க?" என்றார் ஒருவர்.

"காருக்குப் புடவை," என்றார் பாவா.

முதல் கயிறு இரண்டு நிமிஷத்தில் தீய்ந்தது. இரண்டாவது, வண்டி நகர்வதற்கு முன்பே கழன்றது. மூன்றாவதை நனைத்து முடிச்சை உட்பக்கம் வைத்துப் போட்டோம்; நின்றது. மணி 9.00. ஆம், திருத்தணியில் நான் இருக்க வேண்டிய அதே ஒன்பது மணி.

புத்தூரிலிருந்து நகரி பதினைந்து கிலோமீட்டர். இந்தப் பயணத்தில் கண்ணுக்கு விருந்து என்றால் இந்தத் துண்டுதான். வலதும் இடதுமாக மாந்தோப்பு, கரும்பு, நடுநடுவே வெல்லம் காய்ச்சும் வாசனை. தூரத்தில் நகரி மலை. ஒரு ராட்சசன் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்ப்பது போலிருக்கும். நெற்றி, மூக்கு, தாடை எல்லாம் தனித்தனியாகத் தெரியும். மூக்கு மட்டும் கொஞ்சம் அதிகப்படி. அன்றைக்குப் பனி அதிகம், ராட்சசனுக்கு ஜலதோஷம். நாங்கள் மூக்குக்கு நேராக வந்த சமயம் பார்த்து ஒரு தும்மல் போட்டான். கார் நாலு கிலோமீட்டர் பறந்துபோய், ரோட்டிலேயே, போகவேண்டிய திசையிலேயே இறங்கியது. அந்த நாலு கிலோமீட்டருக்குப் பெட்ரோல் செலவாகவில்லை. கணக்குப் பார்ப்பவர்கள் கழித்துக்கொள்ளவும்.

நகரியில் காபி குடிக்கவில்லை. பாவா கேட்டார். நான் அவரைப் பார்த்த பார்வையில் அவர் பீடியே அணைந்துவிட்டது.

ஊரைத் தாண்டி ரயில்வே கேட். 9.50. நாங்கள் கிட்டே போகவும் கேட்மேன் மூடவும் சரியாக இருந்தது. கூட்ஸ் வண்டி. அதன் இன்ஜின் அரக்கோணத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது கார்டு பெட்டி இன்னும் ரேணிகுண்டாவில் பச்சைக் கொடிக்காகக் காத்திருந்தது. அவ்வளவு நீளம். இருபது நிமிஷம் நான் பெட்டி எண்ணவில்லை. வாய்க்குள் வேறொன்று எண்ணிக்கொண்டிருந்தேன்: சரசுவிடம் என்ன சொல்வது.

பெல்ட் அறுந்தது என்று சொன்னால் யானை என்பாள். நூலால் பெல்ட் முறுக்கினோம் என்று சொன்னால் சோடா என்பாள். வாழ்நாளில் முதல் முறையாக என் கையில் நிஜமான காரணம் இருக்கிறது. அதைக் கொண்டுவராதே என்று எழுதிவிட்டாள்!

"பாவா, நீங்களாவது எனக்கு சாட்சி சொல்லுங்க."

"நான் சொன்னா மட்டும் யார் நம்பறாங்க? நீயும் நானும் ஒரே கார்ல வரோம்."

10.10-க்குக் கேட் திறந்தது. 10.30 எல்லைச் சாவடி. பத்தரை மணி முடிந்தது. நான் வாட்சைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். 10.50, திருத்தணி. மலை மேல் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிடக் கை தூக்கினேன்; அதுவரை கையால் பிடித்து வந்த கதவு திறந்துகொண்டது; கும்பிட்ட கையோடு குளக்கரையிலேயே இறங்கிவிட்டேன்.

அன்று தை முகூர்த்தம். குளத்தைச் சுற்றி ஒரு லட்சம் குடும்பம், ஒரு குடும்பத்துக்கு ஒன்பது மொட்டை. எல்லாத் தலையிலும் சந்தனம். முடியோடு இருக்கும்போது மனிதர்கள் எத்தனை வகை! சிரைத்துச் சந்தனம் பூசிவிட்டால் எல்லோரும் ஒரே ஆள். என் மாப்பிள்ளை கோபாலை நான் அடையாளம் கண்டுபிடிப்பது அவருடைய சுருட்டை முடியை வைத்துத்தான். அந்த முடி இந்நேரம் குளக்கரையில் எந்தக் குவியலிலோ.

தட்டில் தோடு, கவுன், வாழைப்பழம், பூ எல்லாம் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அப்போது ஒரு பெரியவர், ஆறடி உயரம், சந்தன மொட்டை, கையை விரித்து வழி மறித்தார்.

"வந்தாச்சுடா மாமன்! தட்டோட வந்துகினு கீறார் பாரு!"

எனக்கு உயிர் வந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரிய மனிதர் யாரோ என்று நினைத்துக் காலில் விழுந்தேன்.

"மன்னிச்சுக்கோங்க. பாப்பாவோட அம்மா எங்க?"

"குளிக்கப் போயிருக்குது. அவங்கப்பன் உன்னத் தேடிகினு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டான். நீ மொதல்ல உக்காரு, நேரம் போவுது."

பலகையில் உட்கார வைத்தார்கள். மடியில் ஒரு குழந்தை வந்து விழுந்தது. உச்சியில் குடுமி போட்டு, ஜாதிமல்லி சுற்றி, நெற்றியில் பொட்டு, கண்ணில் மை. என் தங்கை மகள்! பதினோரு மாதம் பார்க்காத முகம். மூக்கு அப்படியே எங்கள் குடும்பத்து மூக்கு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். கண் கலங்கிவிட்டது. முடி வெட்டுபவர் நடு உச்சியில் தண்ணீர் தேய்த்துக் கத்தியை வைத்தார். பாதித் தலை முடிந்தது.

அப்போதுதான் மருமகள் எனக்குத் தன் முதல் மரியாதையைச் செய்தாள். மூன்று வருஷமாகக் குசஸ்தலை ஆற்றில் வராத வெள்ளம் என் வேட்டியில் வந்தது. வந்தது சரி. ஆனால் வளைந்து, எழும்பி, முடி வெட்டுபவரின் முழங்கையைத் தொட்டுவிட்டு வந்தது. பெண் குழந்தைக்கு அந்த வித்தை வராது.

துண்டை விலக்கிப் பார்த்தேன். மருமகள் இல்லை. மருமகன்.

"ஐயா," என்றேன் பெரியவரிடம், குரல் எனக்கே கேட்கவில்லை. "இது பையன்."

"ஆங். பின்ன? மூணாவது பையன்."

"எங்க தங்கச்சிக்குப் பொண்ணு."

அவர் இடுப்பு வேட்டி மடிப்பில் செருகியிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மொட்டைக்காகக் கழற்றி வைத்தவர் அதுவரை மாட்டவே இல்லை. என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"யார்யா நீ?"

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். முடி வெட்டுபவர் தோளை அழுத்தினார். "எழுந்திரிக்காதீங்க. பாதி மொட்டைல மடி மாறக்கூடாது." ஈரப் புடவையோடு அந்தப் பையனின் அம்மா வந்து சேர்ந்தாள். மணவூர்க்காரி. நடந்ததைக் கேட்டாள், பையனைப் பார்த்தாள், என் வேட்டியைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"எங்க அண்ணன் ரயில்வேல கீறார். லீவு கிடைக்கலன்னு இப்பதான் ஆள் வந்து சொல்லிச்சு. இன்னா பண்றதுன்னு அழுதுகினே குளிச்சேன். மீதியையும் முடிச்சுட்டுப் போங்கண்ணா."

அண்ணா என்கிறாள். எப்படி எழுந்திருப்பது? அந்தப் பக்கம் என் நிஜத் தங்கை, என் நிஜ மருமகள். இந்தப் பக்கம் பாதி மொட்டையோடு என் விரலைப் பிடித்துக்கொண்டு யாரோ ஒரு பிள்ளை. மீதிப் பாதித் தலைக்கு ஒரு யுகம் ஆனது. அந்தத் தலையின் சுற்றளவு ஜில்லாவின் சுற்றளவு. முடிந்ததும் பெரிய கவுனை எடுத்துப் பையனுக்குப் போட்டேன். ரோஸ் கலர், கழுத்துச் சுருக்கு. அவனுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஓடினேன்.

குளத்தின் மறு மூலையில், வேப்பமரத்தடியில் சரசு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தேவராஜ். மடித்த பட்டு வேட்டி, தயாரான மடி. முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். கிட்டே போனேன். அவள் இடுப்பில் ஒரு குழந்தை. தலை நிறைய முடி. முடி நிறைய கனகாம்பரம். கத்தி இன்னும் படவில்லை.

நான் வாயைத் திறந்தேன். பெல்ட், நூல், கேட், மணவூர்ப் பையன், எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நின்றது. அவள் என் ஈர வேட்டியைப் பார்த்தாள். தோளில் ஒட்டியிருந்த யாருடைய முடியையோ பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"லேட்டாயிடுச்சு சரசு," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். என் வாழ்க்கையிலேயே சின்ன வாக்கியம்.

"உக்காருண்ணா."

"ஒன்பது மணின்னு எழுதியிருந்தியே. பத்தரைக்குள்ளன்னு."

மாப்பிள்ளை, மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். அங்கே கத்தியோடு காத்திருந்த முடி வெட்டுபவரும் சிரித்தார்.

"உனக்குத்தான் ஒன்பது," என்றாள் சரசு. "எங்களுக்கெல்லாம் பத்தரைலருந்து பன்னண்டு. இப்ப மணி பதினொண்ணு இருவது."

"அப்ப தேவராஜ்?"

"அவன் சாப்பாட்டுக்கு வந்துகீறான்."

நான் உட்கார்ந்தேன். அந்த நிமிஷம் என் நெஞ்சிலிருந்து இறங்கிய பாரத்தைத் தராசில் வைத்திருந்தால் திருத்தணி மலை மேலே போயிருக்கும். குழந்தை என்னைப் பார்த்தது, அழவில்லை. மூக்கு எங்கள் குடும்பத்து மூக்கே இல்லை, அப்படியே மாப்பிள்ளை. 11.45-க்கு மொட்டை முடிந்தது, 11.55-க்குக் காது. சின்ன கவுன் அளவாக இருந்தது. சாப்பாட்டுப் பந்தியில் சரசு எனக்கு இரண்டாவது முறை பாயசம் ஊற்றும்போது, "யானைங்கோ சௌக்கியமா?" என்று கேட்டாள். பதினாலு மாதம் கழித்து என் தங்கை பேசிய முதல் கேலி. நான் மூன்றாவது முறையும் வாங்கிக்கொண்டேன்.

இனி இந்த வழியில் போகிறவர்களுக்கு. விடிவதற்குள் கிளம்புங்கள், புளியமரப் பனியும் நகரி மூக்கும் எட்டு மணிக்கு மேல் அவ்வளவு அழகில்லை. மாற்று பெல்ட் வைத்துக்கொள்ளுங்கள். அது கிடைக்காதவர்கள் ஒரு நூல் வியாபாரியை ஏற்றிக்கொள்ளுங்கள். ரயில்வே கேட்டுக்கு என்று அரை மணி தனியாக ஒதுக்குங்கள். மலைக்கு மேலே வண்டி போகும் என்றாலும் முட்டி வலிக்காதவர்கள் படியேறுங்கள்; பாதிப் படியில் திரும்பிப் பார்த்தால் வந்த ரோடு முழுக்க ஒரு நூல் மாதிரி தெரியும். மொட்டைக்குப் போகும் மாமன்கள் இரண்டு வேட்டி கொண்டுபோகவும். எந்தக் குழந்தையையும் மடியில் வாங்கும் முன், அதன் அம்மாவைக் கண்ணால் பார்க்கவும்.

ராட்சசனின் தும்மல், கூட்ஸ் வண்டியின் நீளம், காளஹஸ்தியில் எடுத்த துணி, ஏன், மணவூர்ப் பையனின் வெள்ளம் வரைக்கும், உங்கள் மனசாட்சிப்படி கழித்துக்கொள்ளுங்கள். நான் சண்டைக்கு வரமாட்டேன். எங்கள் குடும்பத்தில் பொய் சொல்லத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். இப்போது மேஜை இழுப்பறையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். மடிப்பில் கிழிந்த ஓர் இன்லண்டு லெட்டர் அதில் இருக்கிறது. சரசுவின் கையெழுத்தில், ஓர் எழுத்துகூடத் தடுமாறாமல், "காலை ஒன்பது மணிக்குத் தவறாமல் வரவும்" என்று. அது மட்டும் நிஜம்.